கன்னிமூலைக்கு மேலே ஒரு தோட்டம்

"பயம் போக ஒரு வழி சொல்லுங்க, தாயி."

மாயழகு படியேறி வந்து நின்றதும் கேட்டார். மூச்சு இரைத்தது. வயது ஐம்பத்தாறு, படிகள் முந்நூறு.

சிலம்பாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. அரளிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இதத்தான் போன வெள்ளிக்கிழமையும் கேட்டீங்க, அண்ணே."

"அதுக்கு முந்துன வெள்ளிக்கிழமையும் கேட்டேன். நீங்கதான் பதிலே சொல்லல. எருவைச் சுமக்கச் சொன்னீங்க."

"சுமந்தீங்கள்ல?"

"சுமந்தேன். பயம் போகல."

"எரு செடிக்குப் போச்சுல்ல?"



சிலம்பாயி அந்தக் குன்றின் மேலிருக்கும் கோயில் நந்தவனத்தைப் பார்த்துக்கொள்கிறவர். நாற்பது வயதுதான் இருக்கும். அவருக்கு யாரும் சாமியார் பட்டம் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அவரைத் தேடிப் படியேறி வருவார்கள். வந்தவர் கையில் அவர் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். பாதிப் பேர் வேலை முடிந்ததும் கேள்வியை மறந்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். மீதிப் பேர் மறுபடியும் வருவார்கள்.

மாயழகு மீதிப் பேரில் ஒருவர். பத்து மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். என்ன பயம் என்று மட்டும் சொன்னதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை இல்லை. இன்று தேர்.

சிலம்பாயி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இந்நேரத்துக்கு நீங்க இங்க இருக்கக் கூடாதே."

"அதனாலதான் தாயி வந்தேன்."

"தேரு?"

"வேற ஆளு நிக்கிறாரு. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிவிட்டேன்."

"காய்ச்சலா?"

"இல்ல."

சிலம்பாயி கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

"மேட்டுல போயி நின்னு ஊரைப் பாத்துட்டு வாங்க. மொதல்ல மூச்சு அடங்கட்டும்."

தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கைப்பிடிச் சுவர் உண்டு. அந்த இடத்துக்குப் பார்வைமேடு என்று பெயர். அங்கே நின்றால் வேளக்கோட்டை முழுவதும் தெரியும். நாலு கோபுரம், கோயிலைச் சுற்றி நாலு வீதி, தெப்பக்குளம், பழைய ஓட்டு வீடுகள். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அன்றும் ஒரு குடும்பம் வந்திருந்தது.

"ஊரு எவ்ளோ அமைதியா இருக்கு பாரு" என்றார் குடும்பத் தலைவர்.

ஊரில் அன்று இருபதாயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தன் போனை மாயழகு கையில் கொடுத்தார்.

"ஐயா, தேர் தெரியுற மாதிரி எங்கள ஒரு படம் எடுங்க."

மாயழகு எடுத்தார். அவர் வாங்கிப் பார்த்தார்.

"ஆடிடுச்சே. இன்னொண்ணு எடுங்க."

இன்னொன்றும் ஆடியிருந்தது.

"விடுங்க, பாவம். வயசானவர்" என்றாள் அவர் மனைவி.

அவர்கள் நகர்ந்து போனார்கள். மாயழகு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

கீழே தெற்கு வீதியின் முனையில் தேர் நின்றிருந்தது. மதிய நைவேத்தியத்துக்காக அந்த இடத்தில் நிறுத்துவது வழக்கம். மூன்று மணிக்கு மேல்தான் மறுபடி இழுப்பார்கள். மாயழகு தேரையே பார்த்தார். முப்பது வருஷம் அந்தத் தேரோடு நடந்தவர், அதை முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அவர் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு சக்கரம்.

இங்கிருந்து அந்தச் சக்கரமே தெரியவில்லை. தேர் ஒரு பூக்கூடை அளவுக்கு இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

திரும்பி வந்தார்.

"பரவால்ல தாயி. இங்கேருந்து பாத்தா எல்லாம் சின்னதா இருக்கு. இதுக்கா இம்புட்டு பயந்தோம்னு தோணுது."

"நல்லதாப் போச்சு. அப்ப இங்கேருந்தே கட்டையைப் போடுங்க."

மாயழகுவின் முகம் சுண்டிப்போனது.

அந்தத் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுப்பார்கள். பின்னால் நாற்பது பேர் உந்துகட்டைகளை முட்டுக்கொடுத்துச் சக்கரத்தை நெம்புவார்கள். நிறுத்தவும் திருப்பவும் முன்னால் இரண்டே பேர், ஆளுக்கொரு புளியமரக் கட்டையோடு. முட்டுக்கட்டை என்று அதற்குப் பெயர். வலது சக்கரம் மாயழகுவுக்கு, இடது சக்கரம் அவர் தம்பி வீரணனுக்கு.

நடுவில் தேர் இருப்பதால் அண்ணன் முகம் தம்பிக்குத் தெரியாது, தம்பி முகம் அண்ணனுக்குத் தெரியாது. மேளத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. கட்டை தட்டும் சத்தம் மட்டும் சக்கரத்தின் அச்சு வழியாக அந்தப் பக்கம் போய்ச் சேரும். அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

மூலையில் முதலில் வலது சக்கரத்துக்குக் கட்டை விழும். தேர் வலது பக்கம் திரும்பும். இடது சக்கரம் சட்டென்று வளைந்து முன்னால் வரும். அண்ணன் கட்டை போட்ட சத்தம் கேட்டதும் தம்பி ஓரடி விலகி நின்று தன் கட்டையை வைக்க வேண்டும். விலகாவிட்டால் சக்கரம் ஆள் மேல் வரும்.

போன வருஷம் வந்தது.

தென்மேற்கு மூலையை அந்த ஊரில் கன்னிமூலை என்பார்கள். குன்றுக்கு நேர் கீழே இருக்கிறது. தெரு அங்கே சரிவு, குறுகலும் கூட. வீரணனின் இடது காலில் மூன்று விரல் போயிற்று. திருப்புவதற்காகச் சக்கரத்தின் அடியில் ஊற்றிய விளக்கெண்ணெய் வழுக்கிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. எண்ணெய் ஊற்றியவருக்கும் கொஞ்சம் திட்டு விழுந்தது. மாயழகு வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தார்.

"விளக்கெண்ணெய் இல்ல, தாயி."

"ம்."

"என் கை."

வலது கையை நீட்டினார். அது நடுங்கியது. முழுக்கைச் சட்டையின் விளிம்புக்குள் துணிக்கட்டு ஒன்று தெரிந்தது.

"முப்பது வருசமா இப்பிடித்தான். தேரன்னிக்குக் கட்டையைத் தொட்டாலே நடுங்கும். வேறென்ன, பயந்தான். சக்கரத்துக்குக் கீழ வைக்கப் போறப்ப தரையில ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் கட்டை உக்காரும். டக், டக்குன்னு. கட்டைக்காரனுக்கு இது அசிங்கம்."

"யாரு சொன்னது?"

"விழாக் கமிட்டியில ஒருத்தரு. போன வருசம் தேருக்கு முந்துன நாளு. மாயழகு கை டைப்படிக்குதே, ஆளை மாத்திருவோமான்னு சிரிச்சாரு. எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன்."

"அப்பறம்?"

"தேரன்னிக்குத் துண்டைக் கிழிச்சு மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும் இறுக்கிக் கட்டிக்கிட்டேன். மேல முழுக்கைச் சட்டை. யாருக்கும் தெரியாது."

"நடுக்கம் நின்னுச்சா?"

"சுத்தமா நின்னுச்சு. கன்னிமூலையில ஒரே போடு, கட்டை உக்காந்துருச்சு. எங்க அப்பாகூட அப்பிடிப் போட்டதில்ல, தாயி. பெருமையாக்கூட இருந்துச்சு. அடுத்த நொடி அந்தப் பக்கம் தம்பி கத்துறான்."

மாயழகு பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில வச்சு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். 'நீ கட்டை போட்டியாண்ணே?'ன்னு. போட்டேண்டான்னேன். அதோட அவன் பேச்சை விட்டுட்டான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அந்தக் கேள்வி ஒரு வருசமா என்னைத் தூங்க விடல."

சிலம்பாயி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவன் இன்னிக்கும் அதே எடது சக்கரத்துக்கு வந்து நிக்கிறான், நொண்டிக்கிட்டு. இம்புட்டு இறுக்கிக் கட்டியே தப்புப் பண்ணுன கை இது. இது பக்கத்துல இல்லன்னாத்தான் அவன் பத்திரமா இருப்பான். அதான் விடிய விடிய யோசிச்சுட்டு, பக்கத்தூரு செவந்தியப்பனுக்குச் சொல்லிவிட்டேன். அவரு கை கல்லு. ஆடவே ஆடாது."

"அப்பறம் ஏன் இன்னிக்கும் கட்டியிருக்கீங்க?"

மாயழகு தன் கையைப் பார்த்தார்.

"தெரியல, தாயி. இன்னிக்குக் கட்டியும் அடங்கல."

கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

சிலம்பாயி எழுந்தார். கொட்டகைக்குள் போய் மூங்கில் ஏணியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"சாயங்கால மாலைக்குச் செண்பகம் பறிக்கணும். ஏணியைப் பிடிங்க."

"நான் அழுதுக்கிட்டு இருக்கேன், தாயி."

"அழுதுக்கிட்டே பிடிக்கலாம்."

செண்பக மரம் பார்வைமேட்டின் கடைசியில் நிற்கிறது. அதன் ஒரு பக்கம் தோட்டம். மறுபக்கம் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பாறைச் சரிவு. பூவெல்லாம் அந்தப் பக்கத்துக் கிளையில்தான் இருந்தது.

"இங்கயா?"

"பூ இங்கதான இருக்கு."

சிலம்பாயி கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். மாயழகு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தார். முகம் மரத்தைப் பார்த்தும் முதுகு ஊரைப் பார்த்தும் இருந்தது. சிலம்பாயி இலைகளுக்குள் போய் மறைந்தார். கீழிருந்து அவருடைய பாதம் இரண்டும் மட்டும் தெரிந்தன.

மாயழகுவுக்கு நிலைகொள்ளவில்லை.

"தாயி, தேரு தெரியுதா?"

"தெரியுது."

"எங்க நிக்குது?"

"நின்ன எடத்துலதான்."

"காலையில அக்கினிமூலையில எப்பிடித் திரும்புச்சு, பாத்தீங்களா? நான் போர்வைக்குள்ள கெடந்தேன். மேளம் ரொம்ப நேரம் ஒரே எடத்துல கேட்டுச்சு."

"பாத்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு. முன்ன பின்ன, முன்ன பின்னன்னு இழுத்தாங்க. கடைசியில ஒரு வீட்டுக் கூரையை ஒரசிக்கிட்டுத் திரும்புச்சு."

"அது அகலமான மூலை தாயி! அங்கயே அப்பிடின்னா..."

வார்த்தை முடியவில்லை. கன்னிமூலைக்கு வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அங்கே உரசக்கூட இடம் கிடையாது.

"வீரணனுக்கு அவரு கட்டை பழகல" என்றார்.

"உங்க கட்டை பழகிருச்சா?"

"முப்பது வருசம்."

மேலே பூ கிள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. மாயழகுவின் கை நன்றாகவே நடுங்கியது. தேரை நினைத்து நடுங்கியது. தலைக்கு மேலே நிற்கும் பெண்ணை நினைத்தும் நடுங்கியது.

"தாயி, இறங்கிருங்க. என் கை ஆடுது."

"தெரியுது."

"மேல தெரியுதா?"

"ஏணி பூராத் தெரியுது. உள்ளங்காலு குறுகுறுங்குது."

மாயழகுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் பட்ட அசிங்கம் போதாதென்று இங்கேயுமா என்றிருந்தது. ஏணியைக் கட்டிப் பிடித்தார். முழங்காலை ஒரு படியில் முட்டுக்கொடுத்தார். நெற்றியை இன்னொரு படியில் அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஏணி அசையாமல் நின்றது.

பூ கிள்ளும் சத்தம் நின்றது.

"அண்ணே?"

மாயழகு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பேசினால் ஆடும்.

"அண்ணே! எங்க போயிட்டீங்க?"

பத்து மாதத்தில் சிலம்பாயி குரலை அவர் இப்படிக் கேட்டதில்லை. கூடை சரிந்து மாயழகுவின் தலையிலும் தோளிலும் செண்பகம் கொட்டியது. மேலே கிளை படபடவென்று ஆடியது.

"இங்கதான் தாயி இருக்கேன்! ஏணியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

மேலே கிளையின் ஆட்டம் அடங்கியது.

"விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"விடுவேனா? நடுங்குறது உங்களுக்குத் தெரிய வேணாம்னு இறுக்கிப் பிடிச்சேன்."

"நீங்க நடுங்கிக்கிட்டு இருந்தீங்க, நான் பாட்டுக்குப் பறிச்சுக்கிட்டு இருந்தேன். பட்டுன்னு நின்னுருச்சு. எலை மறைக்குது, குனிஞ்சு பாக்க முடியல. கீழ ஆளே இல்லன்னு நெனச்சு எனக்கு உசிரே போயிருச்சு, அண்ணே."



மாயழகுவின் காதில் ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி கேட்டது. நீ கட்டை போட்டியாண்ணே?

தம்பி குற்றம் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டிருக்கிறான்.

தேருக்குப் பின்னால் நாற்பது உந்துகட்டைகள். அவை எல்லாம் விழும்போது ஒரே தட்டுத்தான் தட்டும். இரண்டு தட்டுத் தட்டுகிற கட்டை அந்தத் தேரில் ஒன்றே ஒன்றுதான். போன வருஷம் அதுவும் ஒரே தட்டில் விழுந்தது. நாற்பதோடு இன்னொன்றாகத்தான் தம்பி காதில் கேட்டிருக்கும்.

கீழே முதல் வேட்டு வெடித்தது. குன்று அதிர்ந்தது.

முதல் வேட்டுக்கு ஆள் கூடும். இரண்டாவது வேட்டுக்கு வடத்தைக் கையில் எடுப்பார்கள். மூன்றாவது வேட்டுக்கு இழுப்பு. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். ஓடிப் படியிறங்கிக் கூட்டத்துக்குள் புகுந்தால்தான் அதற்குள் போய்ச் சேர முடியும்.

"தாயி, நான் போகணும்."

"போங்க."

மாயழகு ஒரு கையை எடுத்தார்.

"நான் இறங்கினதுக்கு அப்பறம் போங்க, அண்ணே."

எடுத்த கையை மறுபடி வைத்தார்.

சிலம்பாயி இறங்கினார். ஒவ்வொரு படியிலும் காலை வைத்துப் பார்த்து, நின்று, அடுத்த படிக்கு வந்தார். அவர் கால் நடுங்குவது ஏணி வழியாக மாயழகுவின் கைக்குத் தெரிந்தது. எந்தப் படியில் இருக்கிறார் என்று நிமிர்ந்து பார்க்காமலே அவரால் சொல்ல முடிந்தது. பதினொன்று, பத்து, ஒன்பது.

சீக்கிரம் இறங்குங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

நாலாவது படியில் இரண்டாவது வேட்டு வெடித்தது.

சிலம்பாயியின் கால் மண்ணைத் தொட்டதும் மாயழகு ஏணியை விட்டார். சட்டைக் கையை மேலே தள்ளித் துணிக்கட்டை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அங்கேயே போட்டார்.

பத்தடி ஓடியவர் நின்றார்.

"தாயி, இந்தப் பயம் போக..."

"வெள்ளிக்கிழமை வாங்க. எரு வந்து கெடக்கு."

மாயழகு ஓடினார்.

முந்நூறு படியை எப்படி இறங்கினார் என்று பிற்பாடு அவருக்கே நினைவில்லை. நடுவில் ஓரிடத்தில் வழுக்கி முழங்கை சிராய்த்தது. படம் எடுத்த குடும்பம் பாதி வழியில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தது. "பாத்துப் போங்க, ஐயா!" என்று அந்தப் பெண் கத்தினாள். அடிவாரத்தில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, அவர் குனியவில்லை.

வீதியில் தலைகளாக இருந்தது. "கட்டைக்காரன், வழி விடுங்க!" என்று கூவிக்கொண்டு இடித்துக்கொண்டு போனார். யாரோ திட்டினார்கள். யாரோ அடையாளம் தெரிந்து கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள்.

மூன்றாவது வேட்டு.

வடம் விறைத்தது. தேர் முனகிக்கொண்டு நகர்ந்தது. பக்கத்தில் வர வர அது கோபுரமாக உயர்ந்தது. மேட்டிலிருந்து பார்த்த பூக்கூடை எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

வலது சக்கரத்துக்கு முன்னால் செவந்தியப்பன் கட்டையோடு பின்நடை நடந்துகொண்டிருந்தார். நல்ல ஆகிருதி. கை கல்லாகத்தான் இருந்தது. முகம் மட்டும் வியர்த்து வெளிறிப் போயிருந்தது.

மாயழகு அவர் காதருகே போய்க் கத்தினார்.

"கட்டையக் குடுங்க!"

"ஒங்களுக்குக் காய்ச்சல்னாங்க?"

"குடுங்க!"

செவந்தியப்பன் கொடுத்தார். கொடுக்கும்போது மாயழகுவின் கையைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க, கை இந்த ஆட்டம் ஆடுது!"

"ஆமா."

செவந்தியப்பன் ஒதுங்கி நின்றார்.

தேர் சரிவைத் தொட்டது. ஆளுயரச் சக்கரம் அவரைப் பார்த்து உருண்டு வந்தது. மாயழகுவுக்குப் பயமாக இருந்தது. காலையில் போர்வைக்குள் கிடந்தபோது இருந்த பயம், படியேறும்போது இருந்த பயம், அதில் ஒரு துளி குறையவில்லை. இந்தத் தேருக்கு அந்தப் பக்கம் அவர் தம்பி ஒரு காலை இழுத்துக்கொண்டு பின்நடை நடக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நடுவில் சாமியும் மரமுமாகத் தேர் மறைத்தது.

மூலைவீட்டுச் சுவர் வந்தது.

இன்னும் ஒரு முழம். இன்னும் ஒரு சாண்.

மாயழகு குனிந்தார். கையை அடக்கவில்லை.

டக். டக்.

கட்டை உட்கார்ந்தது. வலது சக்கரம் அதன் மேல் ஏறப் பார்த்து, முடியாமல் நின்றது. தேர் உச்சி முதல் அடிவரை ஒரு உதறு உதறித் திரும்பத் தொடங்கியது. அந்தப் பக்கத்து இடது சக்கரம் வளைந்து ஓடும் சத்தம் கேட்டது.

மாயழகு மூச்சு விடவில்லை. கட்டையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. காதை அச்சுப் பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தப் பக்கம் ஒரு கட்டை விழுந்தது.

தேர் நின்றது. மேற்கு வீதியை நேராகப் பார்த்து நின்றது. இருபதாயிரம் பேர் கைதூக்கிக் கும்பிட்டார்கள். கன்னிமூலை திரும்பியதும் ஒரு மூச்சு நேரம் மேளத்தை நிறுத்துவது அந்த ஊர் வழக்கம். மேளம் நின்றது.

அந்த அமைதியில் தேருக்கு அந்தப் பக்கமிருந்து, முகம் தெரியாமல், ஒரு குரல் வந்தது.

"எப்பண்ணே வந்த?"